குடும்பம் நடத்தும் மலை

பெரு நாட்டின் லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்துக்குள் உடம்பு 3,400 மீட்டர் மேலே போய்விடுகிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரத்தில் நின்றுகொண்டு இன்னும் 700 மீட்டர் அண்ணாந்து பார்த்தால் எங்கே கண் போகுமோ, அங்கே குஸ்கோவின் காய்கறிச் சந்தை இருக்கிறது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், கல்யாண மண்டபம் எல்லாம் இருக்கின்றன. தெருவில் பையன்கள் கால்பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். வந்திறங்கிய நமக்கு விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

“மலைக்குத்தான் போகணும்னா கைலாயம் போயிட்டு வாங்களேன் அண்ணி, புண்ணியமாவது கிடைக்கும்” என்று என் நாத்தனார் சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நமக்கு மலை என்றால் வீட்டுக் கடமைகளை முடித்துவிட்டுப் போகும் இடம். முனிவர் தவம் செய்ய, முருகன் கோபித்துக்கொண்டு ஏற, நாம் வேண்டுதல் தீர்க்க. என் கணவர் கோடைக்குக் கோடை வெள்ளியங்கிரி ஏறுகிறவர். விரதம் இருந்து, மூங்கில் தடி ஊன்றி, ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலையும் ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். மேலே தங்கிக் குடித்தனம் செய்யலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. ஆண்டீஸ் மலைத்தொடரில் நாங்கள் கண்ட பெரிய அதிசயம் பனிச்சிகரம் அல்ல. மேகத்துக்கு மேலே மனிதர்கள் அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, விதை சேமித்து, பக்கத்து வீட்டோடு சண்டை போட்டு வாழ்ந்துகொண்டிருப்பதுதான்.

உயரத்துக்குப் பழகாமல் மலை ஏறக்கூடாது. ஆகவே குஸ்கோவில் தங்காமல் காரிலேயே உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டோம். இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கு என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வது இதைத்தான். குஸ்கோவைவிட 500, 600 மீட்டர் தாழ்வு. முதல் சில நாள் இங்கே உறங்கி எழுந்தால் உடம்பு கொஞ்சம் சமாதானமாகிறது.

மேலே போகப் போக ஆக்சிஜன் குறைகிறது என்று சொல்கிறோமே, அது பாதி உண்மை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். குஸ்கோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் உள்ளே வருவது அவ்வளவுதான். உடம்பு அடிக்கடி மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். இதில் கால் வலுவுக்கும் வயதுக்கும் பெரிய மரியாதை கிடையாது. வெள்ளியங்கிரி ஏறிய மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தார். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி என்கிற நான் உட்கார்ந்து சோளம் கொறித்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகலை?” என்று கேட்டார். கேள்வியில் அக்கறை குறைவு, ஆதங்கம் அதிகம்.

இந்த அவஸ்தை புதிதல்ல. ஹோசே தெ அகோஸ்தா என்ற ஜெசூட் பாதிரியார் பெருவின் பரியகாகா மலையைக் கடக்கும்போது குடலே வாய்வழி வந்துவிடும் போலத் தவித்ததை 1590இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அங்குள்ள காற்று மனித மூச்சுக்குப் பொருந்தாத அளவு நுண்மையானது என்று ஊகித்தவர் அவர். காற்றுக்கு எடை உண்டு என்பதே நிறுவப்படாத காலத்தில் எழுதியது. உள்ளூரில் இந்த நோய்க்குச் சொரோச்சே என்று பெயர். மருந்து கோகா இலைத் தேநீர். விடுதி வாசலிலேயே வெந்நீரும் ஒரு கூடை இலையும் வைத்திருப்பார்கள். வெற்றிலை போடும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கசப்பும் வாய் மரத்துப்போவதும் அந்நியமாக இருக்காது. பெருவில் அது சட்டப்படி விற்கும் பொருள். ஆனால் ஊருக்கு எடுத்து வந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். என் கணவருக்கு நிஜமாகக் கேட்டது கோவையில் டாக்டர் எழுதிக் கொடுத்த அசிட்டசோலமைடு மாத்திரை. அதன் பக்கவிளைவாக விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் நுரைப்பு இல்லாமல் சப்பென்று இருக்கும். “இந்த ஊர் சோடா சரியில்லை” என்று ஊர்மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கின் கோடியில் ஒயாந்தைதாம்போ என்ற ஊர். இன்காக்கள் கோடுபோட்டுப் பிரித்த தெருக்களில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஒரு கல் வாசல், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி வீடுகள். இந்த அமைப்புக்குக் காஞ்சா என்று பெயர். தெருவோரக் கல் வாய்க்காலில் மலைத்தண்ணீர் இரவும் பகலும் சலசலத்து ஓடுகிறது. ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. அடுப்பு மேடைக்குக் கீழே புகைச் சூட்டில் கினிப் பன்றிக் குட்டிகள் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. இவர் குனிந்து ஒன்றைத் தடவிக் கொடுத்தார். அது வீட்டுச் செல்லப் பிராணி இல்லை, விருந்துக்கு வளர்ப்பது என்று வழிகாட்டி சொன்னதும் கையை எடுத்துக்கொண்டார். குஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா என்ற ஓவியர் 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய இயேசுவின் கடைசி இராவுணவில், மேசை நடுவே தட்டில் மல்லாந்து கிடப்பதும் இதுதான் என்கிறார்கள். ஸ்பானியர் மதத்தைக் கொண்டுவந்தார்கள், சமையல் உள்ளூர்க்காரர் கையில் இருந்தது.

மராஸ் உப்பளம் பக்கத்தில்தான். 3,000 மீட்டருக்கு மேல் உப்பளமா என்று கேட்கலாம். மலை வயிற்றிலிருந்து உவர்நீர் ஊற்று ஒன்று வருகிறது. அதைச் சரிவில் வெட்டிய ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளுக்குப் பிரித்துவிட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். பாத்திகள் உள்ளூர்க் குடும்பங்களுக்குச் சொந்தம், தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. மலைச்சரிவே வெள்ளையும் பழுப்புமாக மின்னியது.

குஸ்கோவுக்கு மறுபடி ஏறியபோது இவருக்குத் தலைவலி வரவில்லை. கொரிகாஞ்சா என்ற சூரியக் கோயிலின் மேல் ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடத்தைப் போய்ப் பார்த்தோம். 1950 நிலநடுக்கத்தில் மடம் பலமாக இடிந்தது, அடியில் இருந்த இன்காச் சுவர் அசையாமல் நின்றது. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. கல்லைக் கல்லால் தட்டி இழைத்து, சுவரை உட்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனதில் தங்கியது இன்னொரு சங்கதி. இன்கா அரசன் இறந்தால் அவன் சொத்து அடுத்த அரசனுக்குப் போகாது. பதப்படுத்திய உடலாக அவனே தன் அரண்மனையில் தொடர்ந்து இருப்பான். பனாகா எனப்படும் அவனுடைய வம்சத்தார் அவனுக்கு உணவு படைத்து, உடை மாற்றி, விழாவுக்குச் சதுக்கத்துக்குத் தூக்கி வந்து, அவன் நிலத்தையும் நிர்வகிப்பார்கள். புதிய அரசன் தனக்கென்று புது நிலம் தேட வேண்டும். செத்த பிறகும் குடித்தனத்தை விடாத ராஜாக்கள்! 1559இல் போலோ தெ ஒந்தெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி அந்த உடல்கள் சிலவற்றைத் தேடிப் பிடித்த பிறகுதான் இது ஓய்ந்தது.

மச்சு பிச்சுவுக்கு நடந்து போகப் பல வழிகள் உண்டு. பேர் பெற்றது இன்கா பாதை. சுமைகாரர்களையும் வழிகாட்டிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதையையே மூடிவிடுவார்கள். அதில் சுமை விலங்கு கூடாது, கூடாரம் முதல் சமையல் எரிவாயு வரை மனிதர் முதுகில்தான். எங்கள் மூட்டையை இன்னொருவர் முதுகில் ஏற்றி அவர் பின்னால் கைவீசி நடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் சல்கந்தாய் வழி. இது இன்கா பாதையைவிட உயரம். ஆனால் கோவேறு கழுதைகள் சுமக்கின்றன. கழுதைகளின் மனம் ஒப்பியதா என்று இவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல மூச்சை வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மோயபாத்தா என்ற சிற்றூர் தாண்டி, சொராய்பம்பா சமவெளியில் முகாம். 3,900 மீட்டர். ஒருபுறம் உமந்தாய், எதிரே சல்கந்தாய் சிகரம், 6,271 மீட்டர். மாலை வெயிலில் பனிச்சரிவு முதலில் மஞ்சளாகி, அப்புறம் ரோஜா நிறமாகி, சட்டென்று சாம்பலானது. வெயில் போன மறுநிமிடமே குளிர் வந்து உட்கார்ந்துகொண்டது. பகலில் உமந்தாய் ஏரிக்கும் ஏறி வந்திருந்தோம். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் கரை முழுக்கப் படம் எடுக்க வரிசை, வாடகைக்குப் போர்வை, வானத்தில் டிரோன். சீக்கிரம் இறங்கிவிட்டோம்.

முகாமில் என்னை ஈர்த்தது சமையல் கூடாரம். உள்ளே பிரஷர் குக்கர்! அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதி வந்தாலும் சூடு போதாது, அரிசி நறுக்கென்று நின்றுவிடும், பயறு வேகவே வேகாது. குக்கர் இல்லாமல் மலைச் சமையல் இல்லை. சமையல்காரர் கீன்வா சூப்பும், சோறும், மூன்று நிற உருளைக்கிழங்கும் வைத்தார். ஒன்று உள்ளே மஞ்சள், ஒன்று ஊதா, ஒன்று வெள்ளையில் சிவப்பு வளையம். உப்புப் போட்டு வேகவைத்தது மட்டும்தான். உருளைக்கிழங்குக்குச் சொந்தமாக ஒரு ருசி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாம்தான் மசாலாவை மேலே போட்டு மூடிவிடுகிறோமே.

உருளைக்கிழங்கு பிறந்த வீடு இந்த மலை. பல ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே காட்டுக் கிழங்கிலிருந்து பழக்கி எடுத்திருக்கிறார்கள். ஆண்டீஸில் மட்டும் 4,000 நாட்டு ரகங்களுக்கு மேல் உண்டு. சர்வதேச உருளைக்கிழங்கு மையம் 1971இல் லிமாவில் தொடங்கப்பட்டதும் அதனால்தான். ஏன் இவ்வளவு ரகம் என்று கேட்டதற்கு எங்கள் வழிகாட்டி சொன்ன பதில் விவசாயியின் பதில். அவர் கெச்சுவா மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளை, அப்பா இன்னும் கிழங்கு போடுகிறார்.

“ஒரே ரகத்தைப் போட்டு ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் வருஷம் முழுக்கப் பட்டினி. பத்து ரகம் போட்டால் பனிக்குத் தப்பிப்பது நாலு, பூச்சிக்குத் தப்பிப்பது மூன்று. எங்கள் அம்மா ஒரே வயலில் எல்லாவற்றையும் கலந்துதான் நடுவாள்.”

இந்த மலையில் ஒரு குடும்பத்தின் நிலம் ஒரே இடத்தில் இருக்காது. மக்காச்சோளத்துக்குக் கீழே கொஞ்சம், 3,500 மீட்டருக்கு மேல் கிழங்குக்குக் கொஞ்சம், அதற்கும் மேலே இச்சு என்ற விறைத்த புல் மட்டுமே முளைக்கும் பூனா நிலத்தில் லாமாவுக்கும் அல்பாகாவுக்கும் மேய்ச்சல். கிழக்குச் சரிவில் காடு தொடங்கும் இடத்தில் கோகா, மிளகாய், பழம். ஒரு நாள் நடையில் பல பருவநிலைகளைக் கடந்துவிடலாம். மானுடவியலாளர் ஜான் முர்ரா இதைச் செங்குத்தாக நிற்கும் தீவுக்கூட்டம் என்று வருணித்தார். சமவெளிக்காரர்களான நாம் வேறு விளைச்சல் வேண்டுமென்றால் கிழக்கே மேற்கே போகிறோம். இவர்கள் மேலே கீழே போகிறார்கள். சித்தப்பா உயரத்தில், அத்தை பள்ளத்தில். கிழங்கு இறங்கும், சோளம் ஏறும். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இந்தப் பண்டமாற்றை ஒட்டித்தான் என்றார் வழிகாட்டி. உறவு அறுந்தால் உணவும் அறும்.

குளிரையும் இவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மழை இருக்காது. இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். சிறு கிழங்குகளைப் புல் தரையில் பரப்பிவிடுவார்கள். இரவில் உறையும், பகலில் இளகும். இளகியதைக் காலால் மிதித்து நீரைப் பிழிந்து மறுபடி காயவிடுவார்கள். சில நாளில் கூழாங்கல் மாதிரி லேசாக, கறுப்பாகச் சுருங்கிவிடும். சுன்யோ என்று பெயர், ஆண்டுக்கணக்கில் கெடாது. கசப்பு ரகக் கிழங்குகளையும் இப்படித்தான் உண்ணத் தகுந்ததாக்குகிறார்கள். மாடியில் பாய் விரித்து மோர்மிளகாயும் சுண்டைக்காயும் காயவைக்கும் வீட்டில் பிறந்த எனக்கு, பனியையும் வெயிலையும் மாற்றி மாற்றிக் கொடுத்து வற்றல் போடும் இந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்து ஆசையாக இருந்தது. ருசி? மண்வாசனையோடு ரப்பர் மாதிரி இருந்தது. அதை மட்டும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

லிமாவில் லார்கோ அருங்காட்சியகத்தில் மோச்சே காலத்து மண்பாண்டங்களைப் பார்த்திருந்தோம். 1,500 ஆண்டு முந்தைய குயவர்கள் உருளைக்கிழங்கு வடிவில், வேர்க்கடலை வடிவில், சோளக்கதிர் வடிவில் குடுவை செய்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, மரவள்ளி எல்லாமே தென் அமெரிக்காவில் பயிராகிக் கடல் தாண்டி நம் சட்டிக்கு வந்தவை. (அதே அருங்காட்சியகத்தில் மோச்சேக்களின் காமச் சிற்பக் குடுவைகளுக்குத் தனிக் கட்டடம் உண்டு. இவர் கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தார். தண்ணீர் வாங்கப் போனதாகச் சொன்னார்.)

இரவு கூடாரத்துக்குள் உறங்க முடியவில்லை. குளிரால் அல்ல. இவர் மூச்சு நாலைந்து முறை வேகவேகமாக ஏறும், அப்புறம் நின்றுவிடும். நான் இருட்டில் எண்ணிக்கொண்டிருப்பேன். என் வயிறு கலங்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்கும். உயரத்தில் உறங்குபவர்களுக்கு இது வழக்கம் என்று படித்திருந்தேன். அடிக்கடி மூச்சு விட்டு ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிட, மூச்சு விடச் சொல்லி மூளைக்குப் போகும் கட்டளை தயங்குகிறது. கொஞ்சம் சேர்ந்ததும் திரும்ப வருகிறது. படித்திருந்தால் மட்டும் பயம் போய்விடுமா? உலுக்கி எழுப்பினேன்.

“என்னங்க, மூச்சு விடுங்க.”

“விட்டுட்டுத்தானே இருக்கேன். நீ தூங்கும்மா.”

தூக்கம் வராமல் இருவரும் வெளியே வந்தோம். பால்வீதி அவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. வழிகாட்டி தேநீர்க் கோப்பையோடு வெளியே நின்றிருந்தார். நட்சத்திரங்களைக் காட்டுவார் என்று பார்த்தால், நட்சத்திரம் இல்லாத இடங்களைக் காட்டினார். நாம் புள்ளிகளைச் சேர்த்து உருவம் பார்க்கிறோம். இவர்கள் பால்வீதியில் தெரியும் கறுப்புத் திட்டுகளில் உருவம் பார்க்கிறார்கள். தெற்குச் சிலுவையின் பக்கத்தில் ஒரு காட்டுக் கௌதாரி, அப்புறம் நீண்ட கழுத்தோடு தாய் லாமா. ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரண்டு பிரகாச நட்சத்திரங்கள் அதன் கண்கள். வயிற்றடியில் குட்டி. பின்னால் நரி. வானத்திலும் மந்தைதான் மேய்கிறது! ஒருமுறை அந்த லாமாவின் கழுத்து பிடிபட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. தெரிகிறது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

விடியுமுன் நடை. கணவாய் 4,630 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் மூன்று பங்குக்கும் கீழே. “ஒரு அடி, ஒரு மூச்சு” என்று வழிகாட்டி முன்னால் நடந்தார். ஊரில் கடைத்தெருவுக்குப் போனால்கூட இவர் முன்னால் போய்விடுவார், நான் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே போவேன். இங்கே அந்தப் பழக்கம் செல்லவில்லை. நான் நடக்கும் வேகம்தான் மலை அனுமதிக்கும் வேகம் என்று ஆகிவிட்டது. பேச முடியாது. பேசினால் அடுத்த இரண்டு அடிக்கு மூச்சு இருக்காது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இத்தனை மணி நேரம் ஒரு வாக்குவாதமும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது அபூர்வம்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே, சரிவின் மறுபக்கத்தில், ஒரு பெண் கம்பளிப் பாவாடையும் தொப்பியுமாக நின்றிருந்தாள். முதுகில் வண்ணத் துணிக்குள் குழந்தை. தூரத்தில் லாமாக்கள் வழி தவறிப் பாறைப் பக்கம் போக, இடுப்பிலிருந்து பின்னிய கயிறு ஒன்றை உருவி, அதில் கல்லை வைத்துத் தலைக்கு மேல் சுழற்றி விட்டாள். கல் போய் லாமாக்களுக்கு அப்பால் விழ, மந்தை திரும்பியது. கவண்! இங்கே அதற்கு வராக்கா என்று பெயர், கம்பளி நூலில் தாங்களே பின்னிக்கொள்கிறார்கள். தினைப்புனம் காத்து ஆலோலம் பாடிய வள்ளி கையில் இருந்த அதே கருவி. முருகன் மலைக்கு ஆண்டியாக மட்டும் வரவில்லை, கல்யாணம் கட்டவும் மலைக்குத்தான் வந்தான் என்பது அங்கே எனக்கு நினைவு வந்தது. நாத்தனாரிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்தது என்று மகிழ்ச்சி.

உச்சியில் கற்குவியல்கள். அபச்சேத்தா என்கிறார்கள். கணவாயைக் கடக்கும் ஒவ்வொருவரும் கீழிருந்து கொண்டுவந்த ஒரு கல்லை வைக்கிறார்கள். கழுதைக்காரர் மூன்று கோகா இலைகளை விசிறி போல் விரித்துப் பிடித்து, சல்கந்தாயைப் பார்த்து ஊதி, கல்லுக்கு அடியில் செருகினார். மலைகள் இவர்களுக்கு அப்புக்கள், ஊரைக் காக்கும் பெரியவர்கள். அவர்களிடம் கும்பிட்டு முக்தி கேட்பதில்லை. கழுதைக்குக் காலில் அடிபடக்கூடாது, மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்று கேட்டாராம். வழிகாட்டிதான் மொழிபெயர்த்தார். பெரியவர்களும் மெலிந்துகொண்டிருக்கிறார்கள். உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் 70 சதவீதம் அளவு பெருவில் இருக்கின்றன, கடந்த 60 ஆண்டுகளில் அந்தப் பனிப் பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. எதிரே சரிவில் பனி விலகிய பாறை இன்னும் பாசி பிடிக்காமல் வெளிறிக் கிடந்தது. தான் சிறுவனாக இருந்தபோது அதுவரை வெள்ளையாக இருந்தது என்று கழுதைக்காரர் கையால் கோடு போட்டுக் காட்டினார். வறண்ட மாதங்களில் கீழே வாய்க்காலில் ஓடுவதில் பனி உருகிய நீருக்கும் பங்கு உண்டு.

இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்தது என்பதைத் தவிரச் சொல்லப் பெரிதாக இல்லை. காலையில் உறைபனி, பகலில் கற்பாழ், மாலையில் பாசி தொங்கும் மேகக் காடு. சௌயாய் வருவதற்குள் கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கொசு கடிக்கத் தொடங்கியது. மறுநாள் காப்பித் தோட்டங்கள் வழியே நடை. லுக்மாபம்பாவில் ஒரு வீட்டில் அவர்கள் மரத்துக் கொட்டையை மண்சட்டியில் வறுத்து, இடித்து, வடிகட்டிக் கொடுத்தார்கள். நல்ல காப்பிதான். பால் ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று இவர் சொன்னதை வழிகாட்டி மரியாதைக்காக மொழிபெயர்க்கவில்லை.

மச்சு பிச்சுவைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. நான் ஓரிரண்டு சொல்லி விடுகிறேன். அது குஸ்கோவைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்வு, 2,430 மீட்டர்தான். உயரத்துக்குப் பழகிய உடம்புக்கு அங்கே காற்று தாராளமாகக் கிடைத்தது, படிகளில் ஓடலாம் போலிருந்தது. 1911 ஜூலை 24 அன்று ஹைரம் பிங்காம் என்ற யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அங்கே போய்ச் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். ஆனால் அவருக்கு வழிகாட்டியது மெல்ச்சோர் அர்த்தியாகா என்ற விவசாயி. மேலே போனால் அடுக்கு வயல்களில் குடும்பங்கள் ஏற்கெனவே பயிர் வைத்திருந்தன. குஸ்கோ பக்கத்து அகுஸ்தின் லிசார்ராகா என்பவர் 1902லேயே வந்து சுவரில் தம் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். கண்டுபிடித்தவர் வந்தபோது வீட்டில் ஆள் இருந்தது!

இது கோயில் நகரம், கன்னிப் பெண்களின் மடம் என்றெல்லாம் முன்பு சொன்னார்கள். பச்சகுத்தி என்ற இன்கா அரசனின் சொந்த எஸ்டேட், அவன் வம்சத்தார் ஓய்வுக்கு வந்து தங்கிய இடம் என்பதே இன்று ஆய்வாளர்களிடையே செல்வாக்குள்ள கருத்து. கூட்டத்தில் நெருக்கியடித்து நடந்தபோது நான் அதிகம் பார்த்தது தண்ணீர் வழியைத்தான். மலை ஊற்றிலிருந்து கல் வாய்க்கால், அதிலிருந்து படிப்படியாக 16 கல் தொட்டிகள். முதல் தொட்டி அரசன் தங்கிய வளாகத்துக்குப் பக்கத்தில். அவன் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. இத்தனை மழை பெய்யும் மலைமுகட்டில் ஊர் சரிந்துவிடாமல் நிற்பது அடுக்கு வயல்களால். கீழே பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல், மேலாக வண்டல். விழும் மழையை மெல்லக் கீழே வடித்துவிடும். பார்க்க அழகு என்று நாம் படம் எடுக்கும் அந்தப் பச்சைப் படிகள் உண்மையில் ஊரின் கடைக்கால்.

அங்கிருந்து திரும்பி, தெற்கே பஸ்ஸில் நாள் முழுக்கப் போய் தித்திகாகா ஏரி. 3,812 மீட்டரில் கடல் போல விரிந்த நன்னீர். படகில் தக்கீலே தீவு. துறையிலிருந்து ஊருக்கு 500 படிகளுக்கு மேல். நாங்கள் ஒரு அடி, ஒரு மூச்சு என்று ஏற, தலையில் மூட்டை வைத்த பாட்டி ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனாள்.

இந்தத் தீவில் பின்னல் வேலை ஆண்களுக்கு, நெசவு பெண்களுக்கு. இங்குள்ள துணிக் கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பையன்கள் சிறு வயதிலேயே ஐந்து மெல்லிய ஊசிகளை வைத்துத் தொப்பி பின்னப் பழகுகிறார்கள். வழியில் நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, கூழாங்கல் சுவரில் சாய்ந்துகொண்டே ஆண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமானவன் தொப்பி முழுச் சிவப்பு. ஆகாதவனுக்கு மேல்பாதி வெள்ளை. கல்யாணத்தின்போது மனைவி, கணவன் இடுப்புக்கு அகலமான பட்டை நெய்து கொடுக்கிறாள். அதில் தன் கூந்தலையும் சேர்த்து நெய்வது வழக்கம். பாரம் தூக்கும்போது முதுகுக்குப் பலம்.

“கேட்டீங்களா?” என்றேன். “உன் தலைமுடி இப்ப பட்டைக்குக் காணாதே” என்றார்.

சதுக்கத்தில் ஊர்க் கூட்டுறவுக் கடை. இவர் நேராகப் போய், மேலே வெள்ளை வைத்த தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக் கண்ணாடி தேடினார். கடையில் இருந்த பெரியவர், ஊசிகளைக் கீழே வைக்காமலே, இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, சிவப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். வெள்ளைதான் நன்றாயிருக்கிறது என்று இவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாதாடிப் பார்த்தார். பெரியவர் கெச்சுவாவில் ஏதோ சொல்ல, சுவரோரம் பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சரி, விலையாவது குறையுமா என்று கேட்டார். கூட்டுறவுக் கடையில் பேரம் கிடையாது. தொப்பியில் கட்டியிருந்த சீட்டில் விலையும் பின்னியவரின் பெயரும் எழுதியிருந்தன. நான் பர்ஸைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.